கார்டு கிரிகரியின் கழிப்பறை நோட்டு

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரைக்கும் ஓர் ஆண்பிள்ளை அவசரத்துக்கு ஒதுங்கக்கூடிய இடங்கள் முப்பத்தொன்று என்பது கிரிகரிக்குத் தெரியும். எதில் தாழ்ப்பாள் விழாது, எதில் மதியம் ஒரு மணிக்குக் கூட்டம் சேரும், எதன் சாவி எந்த மாமாக் கோப்பிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அறுபத்தெட்டு வயது மனிதர் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடிய படிப்பு அல்ல அது.

அவருடைய அப்பா தண்டவாளம் போடும் கும்பலில் வேலை பார்த்தவர். கிரிகரி பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். வளர்ந்ததும் ரயிலிலேயே கார்டாகச் சேர்ந்து முப்பத்து நான்கு ஆண்டு ஓட்டிவிட்டார். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டுவதுதான் கார்டின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். கார்டின் வேலை எழுதுவது. எந்த நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு விட்டது, எத்தனை நிமிடம் தாமதம், ஏன். இந்த நான்கையும் எழுதாமல் கிரிகரிக்குத் தூக்கம் வராது. ஓய்வு பெற்று எட்டு ஆண்டாகியும் சட்டைப் பையில் சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கும். மகள் ஷார்மைன் பிறந்த அன்று எழுதியதைக் குடும்பத்தில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்: "பிரசவ அறை. உள்ளே 4.10. வெளியே 9.35. தாமதம் 5 மணி 25 நிமிடம். காரணம்: குழந்தை."

அவருடைய இன்னொரு சொத்து குரல். எட்டுப் பெட்டி தாண்டி எஞ்சின்காரனுக்குக் கேட்கும் குரல். அந்தக் குரலுக்காகவே கோயிலில் பெரிய வெள்ளி மூன்று மணி வழிபாட்டில் இயேசுவின் பாடுகளின் வரலாற்றை வாசிக்கும் பொறுப்பு இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருடையது. ஆண்டவரின் வார்த்தைகளைச் சாமியார் வாசிப்பார். கூட்டத்தின் கூச்சலைப் பாடகர் குழு பார்த்துக்கொள்ளும். மற்றதெல்லாம், தோட்டத்தில் பிடித்ததிலிருந்து கல்லறையில் வைத்தது வரைக்கும், கிரிகரி. முப்பத்தைந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வேறு எதிலும் அவரைப் பெரிய மனிதராக யாரும் நினைத்ததில்லை. அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்கு மட்டும் பிரிக்பீல்ட்ஸே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தொல்லை போன அக்டோபர் மழையோடு வந்தது. ஒன்றுக்குப் போக நின்றால் உடனே வராது. காத்திருக்க வேண்டும். வந்தாலும் நூல் மாதிரி வந்து, நின்று, யோசித்து, மறுபடி வரும். முடிந்தது என்று ஜிப்பை இழுத்துக்கொண்டு வெளியே வந்தால் முடிந்திருக்காது. ராத்திரியில் நாலு தடவை எழுந்தார். வராததை வரவைக்க மூச்சைப் பிடித்து முக்கினார். முக்கி முக்கி, ஜனவரியில் வலது பக்கக் கவட்டையில் ஒரு வலி சேர்ந்துகொண்டது. குத்தும் வலி இல்லை; யாரோ உள்ளேயிருந்து ஒரு பையைப் பிடித்துக் கீழே இழுப்பதுபோல. நெடுநேரம் நின்றால் அந்த இடத்தில் எலுமிச்சை அளவு ஒரு புடைப்பு தெரிந்தது. படுத்தால் காணாமல் போனது. படுத்தால் மறைகிற ஒன்றை நோய் என்று சொல்வது அதிகப்படி என்று கிரிகரி முடிவு செய்தார்.

இம்மாதிரி முடிவுகளை எடுப்பதில் ஆண்களுக்கு ஈடு கிடையாது.

அவர் செய்த வைத்தியம் மூன்று. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். காலையில் இரண்டு கோப்பி குடிப்பவர் அரைக் கோப்பியோடு நிறுத்தினார். கறுப்பு நிறக் கால்சட்டை மட்டும் போட்டார். மூன்றாவது வைத்தியம் நோட்டு. எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் காத்திருந்தேன், ஏன் என்று ஒவ்வொரு தடவையும் எழுதினார். எழுதினால் ஒரு ஒழுங்கு தெரியும், ஒழுங்கு தெரிந்தால் சமாளிக்கலாம் என்பது கார்டு மூளை. கிள்ளானில் முதியோர் இல்லத்திலிருக்கும் அக்காவைப் பார்க்க அவர் ஒவ்வொரு புதன்கிழமையும் கொமுட்டர் ரயிலில் போவார். அந்த ஒரு நாளைக்கே நோட்டில் இரண்டு பக்கம் ஆகும்.

மனைவி சூசனுக்கு இது எதுவும் தெரியாது. முப்பத்தொன்பது ஆண்டு ஒரே கட்டிலில் படுத்தவர்கள்தான். ஆனால் இடுப்புக்குக் கீழே உள்ள எதையும் பெயர் சொல்லிப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. மனிதர் ராத்திரியில் எழுந்து நடக்கிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். கோயிலில் எப்போதும் முன்வரிசையில் உட்கார்ந்தவர் இப்போது கடைசி பெஞ்சில் கதவோரம். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போய் வந்து, காரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்கிறார். வீட்டிலிருந்து கோயிலுக்கு அவர்கள் நடந்துதான் வருவார்கள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷா ஆலத்திலிருக்கும் ஷார்மைன் வீட்டுக்குப் போகையில் ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். கார் இருபது நிமிடம் அப்படியே நின்றது. திடீரென்று கிரிகரி பெல்ட்டைக் கழற்றினார். "நீ ஓட்டு" என்று சொல்லிவிட்டு இறங்கி, ஓரத்துக் கம்பித் தடுப்பைத் தாண்டி, புல்மேட்டில் ஏறிப் போய்விட்டார். சூசன் கடைசியாக ஸ்டியரிங்கைத் தொட்டுப் பதினோரு ஆண்டு. பின்னால் ஒரு சிமெண்ட் லோரி ஹார்னை விடாமல் அடித்தது. அவள் இடம் மாறி உட்கார்ந்து, மாதாவை நினைத்துக்கொண்டு காரை நாலு மீட்டர் நகர்த்தினாள். பதினான்கு நிமிடம் கழித்து அவர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் ஒரு தெளிவு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "இன்னும் இங்கேயேவா இருக்க?" என்றார்.

எங்கே போனீர்கள் என்று கேட்டதற்குக் காற்று வாங்க என்றார்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையம் உண்டு. அவருடைய பட்டியலில் பத்தொன்பதாவது.

மறுநாள் துணி துவைக்கும்போது சட்டைப் பையிலிருந்து நோட்டு சூசன் கைக்கு வந்தது. பிரித்தாள்.

"புதன். சென்ட்ரல்: வந்தது 8.40, விட்டது 8.47. தாமதம் 5. கூட்டம்.
சுபாங் ஜெயா: வந்தது 9.22, விட்டது 9.31. தாமதம் 7. காரணம் தெரியவில்லை.
கிள்ளான்: வந்தது 10.02, விட்டது 10.14. தாமதம் 10. மறுபடி 10.20."

பக்கம் பக்கமாக இதேதான். என்ன வந்தது, என்ன விட்டது என்று மனிதர் ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதக் கூச்சம். சூசன் வாஷிங் மெஷின் மூடியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். வேலையை விட்டு எட்டு வருஷம் ஆன மனுஷன் இன்னும் ரயில் விட்டுக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் தலையில்தான் கோளாறு.

அவள் ஷார்மைனுக்கு போன் போட்டாள். ஷார்மைனின் மாமியாருக்கு மறதி நோய் இருந்ததால் அவளுக்கு எல்லாம் தெரியும். ராத்திரி நடக்கிறாரா, ஆமாம். சாப்பாடு தண்ணியில் மாற்றமா, ஆமாம். சம்பந்தமில்லாத இடத்தில் இறங்கிப் போகிறாரா, அதைத்தான் ஹைவேயில் பார்த்தோமே. தாயும் மகளும் அரைமணி நேரத்தில் எல்லாம் முடிவு செய்தார்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஞாபகசக்தி கிளினிக்கில், பெரிய வெள்ளி வரும் புனித வாரத்தின் திங்கட்கிழமை பரிசோதனை. அதுவரை அவரிடம் மூச்சுவிடக் கூடாது. கார் சாவி அரிசி டப்பாவுக்குள் போயிற்று. சாமியாரிடமும் சூசன் தனியாகப் போய்ச் சொன்னாள்: பாடுகளின் வரலாற்றை இந்த வருஷம் வேறு யாரிடமாவது கொடுங்கள், நடுவில் மறந்து நின்றுவிட்டால் மனுஷனுக்கு அவமானம்.

கிரிகரிக்கு விஷயம் தெரிந்தது பிரையன் மூலமாக. பிரையன் கோயிலில் இன்னொரு வாசகர்; தொழில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், வயது ஐம்பத்தெட்டு. வேதாகமத்தை வாசித்தாலும் கடைசியில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லப்போகிறவர் போலவே வாசிப்பார். மாமாக் கடையில் கிரிகரியைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையைத் தட்டிக்கொடுத்து, குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அண்ணே. நீங்க. ஒண்ணும். கவலைப்படாதீங்க. பெரிய வெள்ளி நான் படிச்சிடுறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

கிரிகரி அரைக் கோப்பியையும் குடிக்காமல் வீட்டுக்கு வந்தார். சூசனிடம் இது என்ன கதை என்று கேட்டார். அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மெதுவாக, "இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க, பார்ப்போம்" என்றாள்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோட்டு அவளிடம் இருக்கிறது. சாவி காணாமல் போன காரணமும் அதுதான்.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். அந்த வாக்கியம் நெஞ்சு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. மற்றது போலவே இதுவும் வரவில்லை. "வியாழக்கிழமை" என்றார். அது சரியான பதில். சூசன் தலையை ஆட்டினாள், நம்பாமல். வருகிற திங்கட்கிழமை ஞாபகசக்தி கிளினிக்கில் பரிசோதனை என்றாள்.

படுத்துக்கொண்டு யோசித்தார். பரிசோதனை மண்டைக்குத்தான், கவட்டைக்கு இல்லை. அதில் முழு மதிப்பெண் வாங்கிவிட்டால் வாசகத்தைத் திருப்பித் தரத்தான் வேண்டும். கீழே உள்ள விஷயம் கீழேயே இருக்கட்டும். ஆனால் முப்பத்தைந்து நிமிடம் நிற்க அந்தக் கவட்டை வலி விட வேண்டுமே.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையில்லாதவர்கள் எண்ணெய் போட்டு உடம்பு பிடித்துவிடும் உருட்டுக் கடைகள் பல உண்டு. சுளுக்கு, பிடிப்பு என்றால் ஊரே அங்கேதான் போகும். கிரிகரி தெருவின் அந்தக் கோடியிலிருக்கும் லோகன் கடையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்: லோகனுக்குக் கண் தெரியாது. யார் வந்தார்கள், எதைக் காட்டினார்கள் என்று வெளியே சொல்ல முடியாது. அடையாளம் தெரியாதவராக இருந்துவிடலாம் என்று, "இங்க கொஞ்சம் பிடிப்பு, தம்பி" என்று நாலே சொல் பேசினார்.

"அட, பெரிய வெள்ளி அண்ணேயா? உக்காருங்க" என்றான் லோகன். கோயில் ஒலிபெருக்கி அந்தத் தெரு வரைக்கும் கேட்கும். இருபது வருஷமாக அவன் கேட்ட குரல்.

அவரைப் படுக்கவைத்து, பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, இருமச் சொன்னான். துணிக்கு மேலேயே இரண்டு விரலை அந்த இடத்தில் வைத்தான். உடனே கையை எடுத்துவிட்டு, போய்க் கையைக் கழுவினான்.

"இது சதைப் பிடிப்பு இல்லண்ணே. குடல் இறங்கி வந்திருக்கு. இதுல நான் கை வைக்க மாட்டேன். வேற எவனாவது எண்ணெய் போட்டு அமுக்குறேன்னு சொன்னா எழுந்து ஓடி வந்துடுங்க. டாக்டர்கிட்ட போங்க லா."

காசும் வாங்கவில்லை. கிரிகரி பரிசோதனை முடியட்டும், பெரிய வெள்ளி முடியட்டும், பிறகு போகலாம் என்று தள்ளிவைத்தார். தள்ளிவைத்த பிறகு ஜலதோஷம் பிடித்தது. மூக்கு அடைத்தால் குரல் போய்விடும். பரிசோதனைக்கு முதல்நாள், குருத்து ஞாயிறன்று, மருந்துக் கடைக்குப் போய் மூக்கடைப்பு மாத்திரை வாங்கினார். உங்களுக்கு வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கடையிலிருந்த பெண் கேட்டாள். இல்லை என்றார். ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டார். மூக்கு திறந்துகொண்டது.

மற்றது மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு நாலு சொட்டு. அதோடு சரி. பத்து மணிக்கு கிளினிக்கில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். அவர் நிமிடக் கோடு அறுபதையும் போட்டு வரைந்தார். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் சொன்னார். முப்பதுக்கு முப்பது. நடுவில் மூன்று தடவை கழிப்பறைக்குப் போனார். மூன்று தடவையும் வெறுங்கையோடு வந்தார். அந்த டாக்டர் சூசனிடம், ஞாபகசக்தி என்னைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் ஏன் இப்படிப் பதறுகிறார் என்று தெரியவில்லை என்றார். சூசனுக்கு நிம்மதியும் வரவில்லை. நோட்டுக்கு என்ன அர்த்தம்?

மத்தியானம் மூன்று மணிக்குக் கிரிகரி வரவேற்பறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். வியர்வை கொட்டியது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, யாராவது பேசினால் எரிந்து விழுந்தார். சூசன் பயந்துபோய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அடுத்த வீட்டில் குணபூசணி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வயது எழுபத்து நாலு, ஆண்கள் அறுவை வார்டில் முப்பது ஆண்டு தாதி. கம்போங் அத்தாப் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை அவரை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸி வந்தார், ஒரு பார்வை பார்த்தார்.

"சேட்டைத் தூக்குங்கோ."

சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்குக் கீழே வயிறு கவிழ்த்த கிண்ணம் மாதிரி நின்றது. மிஸி இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தைத் தட்டினால் வரும் சத்தம்.

"கடைசியா எப்ப சலம் போனது?"

கிரிகரி சூசனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, சூசன் கிளினிக்குக்குக் கொண்டுபோய் வந்து மேசைமேல் வைத்திருந்த நோட்டைக் காட்டினார்.

மிஸி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். வந்தது, விட்டது, தாமதம் ஏழு, தாமதம் பத்து, மறுபடி. நாலாவது பக்கத்தில் நோட்டை மூடிவிட்டார்.

"சூசன், இதை எழுதின ஆளுக்கு மூளை பிசகேல்லை. மூத்திரம்தான் பிசகிக் கிடக்கு. அஞ்சு மாசமா."

சூசன் நோட்டை வாங்கி மார்ச் மாதப் பக்கத்தைத் தேடிப் பிரித்தாள். அழப்போகிறாள் என்று கிரிகரி நினைத்தார்.

"ஹைவேல என்னைய சிமெண்ட் லோரிக்கு முன்னால விட்டுட்டுப் போனது இதுக்கா?" என்றாள்.

"ஆமா."

"வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சண்டையைப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார் மிஸி. "இப்ப ஆசுபத்திரி. இன்னும் ரெண்டு மணித்தியாலம் விட்டால் கிட்னியும் சேர்ந்து கெடும்."

சூசன் அரிசி டப்பாவுக்குள் முழங்கை வரை கைவிட்டுச் சாவியை எடுத்தாள். தரையெல்லாம் அரிசி. காரை மிஸிதான் ஓட்டினார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வேகத்தடை ஏழு. கிரிகரி பின்சீட்டில் படுத்தபடி ஒவ்வொன்றையும் எண்ணினார். வேண்டுமென்று எண்ணவில்லை, எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவசரப் பிரிவில் வந்த டாக்டர் ஒரு பெண். வாணி என்று பெயர் அட்டை. ஷார்மைனைவிட இளையவள். கிரிகரி பல்லைக் கடித்துக்கொண்டு ஆண் டாக்டர் யாரும் இல்லையா என்று கேட்டார்.

"இருக்காரு அங்கிள். ஆபரேஷன்ல இருக்காரு, எட்டு மணிக்கு வருவாரு. வெயிட் பண்றீங்களா?"

மணி நாலேகால். கிரிகரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அறுபத்தெட்டு ஆண்டுக் கூச்சம் மூன்று வினாடியில் முடிந்தது.

"நீயே செய்மா."

டியூப் போட்டார்கள். பை நிறைந்தது. நிறைந்துகொண்டே இருந்தது. ஆயிரத்து நூற்றைம்பது மில்லி. கிரிகரி கண்ணை மூடிக்கொண்டு, பெரிய சத்தமாக ஒரு மூச்சு விட்டார். திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த ஒரு சீன முதியவர் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கேள்விகள். பகலில் எத்தனை தடவை, ராத்திரி எத்தனை தடவை, தொடங்க எவ்வளவு நேரம் ஆகும், எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். பொதுவாக ஆண்கள் இதற்கெல்லாம் ஏதோ, சுமார், தெரியலை என்றுதான் பதில் சொல்வார்கள். ஆகவே ஒரு தாளைக் கொடுத்து மூன்று நாளைக்கு எழுதிக்கொண்டு வரச் சொல்வது வழக்கம். டாக்டர் தாளை நீட்டினார். மிஸி அதை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோட்டைக் கொடுத்தார்.

டாக்டர் வாணி நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து படித்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அங்கிள், மூணு நாளைக்கு எழுதச் சொன்னாலே யாரும் எழுத மாட்டாங்க. நீங்க நூற்றி அறுபது நாள் எழுதியிருக்கீங்க. சோப்பு இல்லைன்னுகூட எழுதியிருக்கீங்க."

"அது தாமதத்துக்குக் காரணம்" என்றார் கிரிகரி.

டாக்டர் விளக்கியது இவ்வளவுதான். மூத்திரப்பையின் கழுத்தைச் சுற்றி ஆண்களுக்கு ஒரு சுரப்பி உண்டு, புராஸ்டேட் என்று பெயர். வயதானால் அது பெருக்கும். பெருத்தால் வழி ஒடுங்கும். ஒடுங்கிய வழியில் தள்ள வேண்டி அவர் ஐந்து மாதமாக முக்கியதில், கவட்டைப் பக்கம் வயிற்றுச் சுவர் இளகி, குடல் எட்டிப் பார்த்துவிட்டது. ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவந்தது. மூக்கடைப்பு மாத்திரை ஏற்கெனவே ஒடுங்கிய கழுத்தை இறுக்கிப் பிடித்துவிட்டது. புராஸ்டேட் பெருத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. தண்ணீரைக் குறைத்ததால் ஒரு லாபமும் இல்லை, எரிச்சல்தான் மிச்சம். இனி ராத்திரி ஒரு மாத்திரை. ஒரு வாரம் டியூப் இருக்கட்டும், பிறகு எடுத்துப் பார்க்கலாம். ஓட்டம் சரியான பிறகு குடலுக்கு ஆபரேஷன். அதற்குள் அந்தப் புடைப்பு கல்லாகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும்.

கிரிகரி குரலைத் தாழ்த்தி, கேன்சரா என்று கேட்டார். விரல் வைத்துப் பார்த்ததில் கெட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை, ஆனால் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இப்போது ரத்தம் எடுத்தால் எண் தப்பாக ஏறியிருக்கும். சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் கிரிகரிக்கு அந்தப் பெண்மேல் நம்பிக்கை வந்தது.

"பெரிய வெள்ளி முப்பத்தஞ்சு நிமிஷம் நிக்கலாமா?"

"நிக்கலாம் அங்கிள். கனமா எதையும் தூக்காதீங்க. கவட்டை வலிச்சா உக்காந்துடணும். பை முக்கால் நிறைஞ்சா காலி பண்ணணும்."

புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். டியூபின் முனையில் ஒரு பை. அதைத் தொடையில் வாரால் கட்டி, மேலே கால்சட்டையைப் போட்டால் ஒன்றும் தெரியாது. கட்டுவதற்கு மிஸி சூசனுக்குக் கற்றுக்கொடுத்தார். இடுப்புக்குக் கீழே பெயரில்லாத வீட்டில் அன்று ஒரே பிற்பகலில் எல்லாவற்றுக்கும் பெயர் வந்துவிட்டது.

வாசகம் மட்டும் இன்னும் பிரையனிடம்தான் இருந்தது. அதைத் திருப்பி வாங்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். நானே போய்ச் சாமியாரிடம் மெதுவாகச் சொல்கிறேன் என்றாள் சூசன். கிரிகரி வெகுநேரம் யோசித்தார். மூளை போனவன் என்று ஊர் நினைப்பதா, டியூப் போட்டவன் என்று நினைப்பதா? சூசன் கிழமை கேட்ட அன்று முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். அதனால் கிட்னியே போயிருக்கும். கறுப்புக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு, சாயங்காலம் ஒத்திகை நடக்கும் கோயில் மண்டபத்துக்கு அவரே நடந்து போனார்.

பாடகர் குழு முழுதும் அங்கே இருந்தது. பிரையன் மேடையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். கிரிகரி அருகில் போய், காதோடு காதாகச் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அவருடைய காதோடு காதான பேச்சே மூன்று பெட்டி தாண்டும்.

"பிரையன், என் தலையில ஒண்ணுமில்ல. முப்பதுக்கு முப்பது. எனக்கு மூத்திரம் அடைச்சுக்கிச்சு, இப்ப டியூப் போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை நான்தான் படிப்பேன்."

ஆர்மோனியம் நின்றது. குழுவில் ஒரு பெண் இருமினாள். பிரையன் வாசகப் புத்தகத்தை நீட்டினார்.

பெரிய வெள்ளி. கோயில் நிறைந்து வெளியே கூடாரம் வரைக்கும் ஆள். வழிபாட்டுக்கு முன்னால் மிஸி, தாம் இந்துவாக இருந்தாலும், சாமியார் உடை மாற்றும் அறை வாசலில் வந்து நின்று பை காலியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். மேடைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருந்தார். கிரிகரி புத்தகத்தைத் திறந்தார்.

இருபத்திரண்டு ஆண்டில் முதல் தடவையாக அவருக்கு அவசரம் என்ற ஒன்றே இல்லை. அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலேயிருந்து பார்க்கையில்தான் தெரிந்தது, மற்றவர்கள் படும் பாடு. பேதுரு மறுதலிக்கும்போது மூன்றாவது வரிசைப் பெரியவர் ஒருவர் காலை மாற்றி மாற்றி வைத்தார். இது யோவான் எழுதிய வரலாறு, இதில் பிலாத்து கை கழுவுவதில்லை, தண்ணீர்ப் பேச்சே கிடையாது; ஆனாலும் பிலாத்து வந்ததும் இரண்டு பேர் கதவைப் பார்த்து நகர்ந்தார்கள். பிரையன் தூணோரம் நின்றவர் ஒரு தடவை போய்விட்டு வந்தார். சிலுவையைச் சுமக்கையில் மறுபடி போனார். கவட்டை இழுத்ததும் கிரிகரி சொன்னபடி உட்கார்ந்து, கடைசிப் பகுதியை உட்கார்ந்தே வாசித்தார். குரல் ஒரு இம்மிகூட இறங்கவில்லை. தெருக்கோடியில் உருட்டுக் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த லோகன், அண்ணே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டார் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னானாம். எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை.

கல்லறையில் வைத்து முடித்தார். முப்பத்தாறு நிமிடம். தாமதம் ஒன்று. காரணம்: உட்கார்ந்தது.

வழிபாடு முடிந்து கூட்டம் கலைந்தபோது, பின்பக்கம் மரத்தடியில் பிரையன் வந்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். இன்ஷூரன்ஸ் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"அண்ணே, அந்த டாக்டரு... பேரு என்ன சொன்னீங்க?"

கிரிகரி சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார், புதுப் பக்கத்தைத் திருப்பினார், பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"பேரு அப்புறம் சொல்றேன். இப்ப ரெண்டாவது தடவை போனியே, எத்தனை மணிக்குப் போன? நின்னு எத்தனை நிமிஷம் ஆச்சு வர?"